அல்தாய் மொழி: ஒரே பெயர், ஆறு பேச்சுகள், குழப்பும் கணக்குகள்

அல்தாய் மொழியைப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 65,534 என்று இருக்கும். இன்னோரிடத்தில் 55,720. "வட அல்தாய்" என்று தேடினால் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். பெயரின் வாலில் ஓர் எழுத்துக் கூடி "அல்தாயிக்" ஆகிவிட்டாலோ, கணக்கு கோடிகளுக்குத் தாவிவிடும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொரு எண்ணும் வேறொரு பொருளை எண்ணியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே இந்த மொழியைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் அதன் பெயர்களோடு பழக வேண்டும், இலக்கணம் அப்புறம்.

பெரிய குழப்பத்தை முதலில் தள்ளிவிடுவோம். "அல்தாயிக்" என்பது மொழி அல்ல, ஒரு கருதுகோள். துருக்கிய மொழிகள், மங்கோலிய மொழிகள், துங்குசிய மொழிகள் மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர் எண்ணினார்கள். ஃபின்லாந்தின் காஸ்ட்ரேன் அவர்களில் முக்கியமானவர். அந்தக் கற்பனைக் குடும்பத்துக்கு அல்தாய் மலையின் பெயரைச் சூட்டினார்கள். இன்று பெரும்பாலான மொழியியலாளர்கள் இந்தக் குடும்பத்தை ஏற்பதில்லை. இம்மூன்று கூட்டத்தாரும் நூற்றாண்டுக்கணக்கில் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து சொற்களையும் இலக்கண வழக்குகளையும் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள், ஒற்றுமைக்கு அதுவே போதுமான காரணம் என்கிறார்கள். நமக்கும் இந்தப் பழைய கதையில் சிறு பங்கு உண்டு. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், துருக்கிய, மங்கோலிய, ஃபின்னிய மொழிகளையெல்லாம் உள்ளடக்கிய "சிதியக்" கூட்டத்தோடு தமிழுக்கு உறவு தேடினார். அவர் நூலின் மற்ற பகுதிகள் நிலைத்தன. அந்த உறவு நிலைக்கவில்லை.

அல்தாய் மொழி என்பது வேறு. அது துருக்கிய மொழிகளில் ஒன்று. சைபீரியாவின் தெற்கு விளிம்பில், ரஷ்யா, கஜகஸ்தான், சீனா, மங்கோலியா ஆகிய நான்கு நாடுகளும் நெருங்கி வரும் மலைப்பகுதியில் பேசப்படுகிறது. கத்தூன், பியா என்ற இரண்டு ஆறுகள் அந்த மலைகளிலிருந்து இறங்கி, ஒன்றுசேர்ந்து ஓப் என்ற பேராறாகின்றன. 4,506 மீட்டர் உயரமுள்ள பெலூகா சிகரம் அங்கேதான் இருக்கிறது.

வரைபடத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ரஷ்யாவில் "அல்தாய்" என்ற பெயரில் இரண்டு நிர்வாகப் பகுதிகள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்று அல்தாய் கிராய். பர்னவுல் நகரைத் தலைநகராகக் கொண்ட சமவெளி மாநிலம், மக்கள் ஏறக்குறைய எல்லாரும் ரஷ்யர்கள். மற்றொன்று அல்தாய் குடியரசு. மலைநாடு, மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம், தலைநகர் கோர்னோ-அல்தாய்ஸ்க். நம் மொழியின் வீடு இந்த இரண்டாவது. இங்கேயும் அல்தாயர்கள் பெரும்பான்மையினர் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுமேல் இருப்பார்கள்.

இனி அந்த மக்களுக்கு வைக்கப்பட்ட பெயர்களைப் பார்ப்போம். இந்த மொழியின் கதையில் சுவையான பகுதி இதுதான்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் தெற்கு அல்தாயர்கள் ஜுங்கார் அரசின் ஆளுகையில் இருந்தார்கள். அந்த அரசை நடத்தியவர்கள் ஓய்ராத்துகள். மங்கோலிய மொழி பேசுகிறவர்கள். ரஷ்யர்கள் ஓய்ராத்துகளைக் "கல்மிக்குகள்" என்று அழைத்தார்கள். ஆளப்பட்டவர்களும் அதே மாதிரி மந்தை மேய்த்துக் கூடாரத்தில் வாழ்ந்ததால் அவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது: மலைக் கல்மிக்குகள், வெள்ளைக் கல்மிக்குகள், அல்தாய்க் கல்மிக்குகள். பேசியது துருக்கிய மொழி, பெயரோ மங்கோலியருடையது. சீனப் படைகள் ஜுங்கார் அரசை அழித்தபோது, 1756இல் இவர்கள் ரஷ்ய ஆட்சியை ஏற்றார்கள். பெயர் மட்டும் அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் ஆவணங்களில் நின்றது. சூயா ஆற்றுப் பக்கத்துத் தெலெங்கித்துகள் 1860கள் வரை ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் சேர்த்தே வரி கட்டியதால் அவர்களுக்கு "இரட்டை வரியினர்" என்று தனிப் பெயர். வடக்கே அடர்ந்த காட்டில் வேட்டையாடி, பைன் கொட்டை சேகரித்து வாழ்ந்தவர்களுக்கோ "கருங்காட்டுத் தாத்தார்கள்" என்று பெயர். ஆக, இன்று ஒரே மக்கள் என்று எண்ணப்படுகிறவர்களில் பாதிப்பேர் கல்மிக்குகள், மீதிப்பேர் தாத்தார்கள். உண்மையில் இரண்டுமே இல்லை.

அடுத்து வந்த பெயர் ஓய்ரோத். இது வெளியார் வைத்தது மட்டுமல்ல, உள்ளிருந்தும் எழுந்தது. ஜுங்கார் காலம் முடிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகு, அந்தப் பழைய அரசைப் பற்றிய நினைவு "ஓய்ரோத் கான்" என்ற ஒரு புராண மன்னனாக மக்கள் வாயில் வாழ்ந்துகொண்டிருந்தது. போனவர் ஒருநாள் திரும்பி வருவார் என்று நம்பினார்கள். 1904இல், உஸ்த்-கான் பக்கம் மந்தை மேய்த்துவந்த செத் செல்பான் என்பவரின் வளர்ப்பு மகள் சுகுல், வெள்ளைக் குதிரையில் வெள்ளுடை தரித்த ஒருவரைக் கண்டதாகச் சொன்னாள். அவர் ஓய்ரோத் கான் வருகிறார் என்று அறிவித்தாராம். ஆயிரக்கணக்கானோர் அந்தப் பள்ளத்தாக்கில் கூடி வழிபட்டார்கள். "வெள்ளைச் சமயம்" என்று அவர்களும், புர்கானியம் என்று அறிஞர்களும் அழைக்கும் இயக்கம் பிறந்தது. அரசு அஞ்சியது, கூட்டம் அடித்துக் கலைக்கப்பட்டது, செல்பான் கைதானார். 1906இல் நடந்த விசாரணையில் அவர் விடுதலையும் ஆனார்.

சோவியத் அரசு 1922இல் இந்த மலைநாட்டுக்குத் தன்னாட்சி வழங்கியபோது, மக்கள் மனதில் ஏற்கெனவே இருந்த அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது: ஓய்ரோத் தன்னாட்சிப் பகுதி. மொழி "ஓய்ரோத் மொழி" ஆயிற்று. உலாலா என்ற ஊர் 1932இல் ஓய்ரோத்-தூரா ஆனது. பிறகு காற்று மாறியது. புர்கானிய வாடையும் தேசியவாத வாடையும் வீசுகிற சொல் என்று ஓய்ரோத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. 1948இல் அதை முழுவதுமாகத் துடைத்துவிட்டார்கள். பகுதி "மலை அல்தாய்" ஆனது, நகரம் கோர்னோ-அல்தாய்ஸ்க் ஆனது, மொழி அல்தாய் ஆனது. அல்தாயர்கள் தங்கள் மொழியில் பேசும்போது அந்த நகரை இன்றும் உலாலு என்றுதான் சொல்கிறார்கள்.

பழைய நூலகப் பட்டியலில் "ஓய்ரோத் - ரஷ்ய அகராதி" கண்ணில் பட்டால் அது அல்தாய் அகராதிதான். ஆனால் "ஓய்ராத்" என்று இருந்தால் அது மேற்கு மங்கோலிய மொழி, முற்றிலும் வேறு. ஒரே ஓர் உயிரெழுத்து வேறுபாட்டில் மொழிக்குடும்பமே மாறிவிடுகிறது. இந்த இடத்தில் சறுக்கிய கட்டுரைகள் ஏராளம்.

சரி, இந்தப் பெயருக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

வழக்கமாகச் சொல்வது ஆறு பேச்சுவழக்குகள். தெற்கே மூன்று: அல்தாய்-கிஷி, தெலெங்கித், தெலெயுத். வடக்கே மூன்று: துபலார், குமாந்தி, சல்கான். கிஷி என்றால் மனிதர். அல்தாய்-கிஷி என்பது "அல்தாய்க்காரர்". எண்ணிக்கையில் இவர்களே மிகப் பெரிய பிரிவு. உஸ்த்-கான், ஒங்குதாய் போன்ற மாவட்டங்கள் இவர்களுடையவை. தெலெங்கித்துகள் தென்கிழக்கில், உலகான், கோஷ்-அகாச் மாவட்டங்களின் உயர்ந்த, வறண்ட மேய்ச்சல் நிலங்களில் இருக்கிறார்கள். தெலெயுத்துகள் குடியரசுக்கு வெளியே, வடக்கே கெமெரோவோ மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே பெலோவோ நகரைச் சுற்றி வாழ்கிறார்கள். குமாந்திகளில் பலர் அல்தாய் கிராயில், பியா ஆற்றங்கரையிலும் பீஸ்க் நகரிலும். துபலார்களும் சல்கான்களும் குடியரசின் வடகிழக்குக் காடுகளில். சல்கான்களுக்கு கூ-கிஷி என்றும் பெயர். கூ என்றால் அன்னம். அவர்கள் வாழும் ஆற்றின் பெயரும் அதுவே.

தெற்கும் வடக்கும் வெறும் திசைப் பிரிவு அல்ல. தென் அல்தாய் கிர்கிஸ் மொழிக்கு நெருக்கமானது. வட அல்தாயோ ககாஸ், ஷோர் போன்ற சைபீரியத் துருக்கிய மொழிகளின் பக்கம் சாய்கிறது. இந்த நெருக்கத்தைக் கண்ணால் பார்ப்பதற்குப் பன்மை விகுதி நல்ல இடம்.

துருக்கிய மொழிகளில் பன்மைக்கு "லர்" அல்லது "லெர்" சேர்ப்பார்கள். துருக்கி நாட்டு மொழியில் ஆத் என்றால் குதிரை, ஆத்லர் குதிரைகள். கோல் என்றால் கை, கோல்லர் கைகள். விகுதியின் மெய்யெழுத்து அசையாமல் நிற்கிறது. உயிர் மட்டும் இரண்டு வடிவங்களுக்குள் மாறும். அல்தாயில் இது இன்னும் வளைந்துகொடுக்கும். குதிரைகள் ஆத்தர், முன்னுள்ள த் ஒலியைப் பார்த்து ல் தானும் த் ஆகிவிட்டது. கைகள் கோல்தோர், இங்கே ல் என்பது மென்மையான த் ஆனதோடு, கோல் என்பதிலுள்ள ஓகாரம் விகுதிக்கும் பரவி, இதழைக் குவித்தே சொல்லவேண்டியதாகிறது. மனிதர்கள் கிஷிலெர், மலைகள் தூலர். விகுதி தன் உருவத்தை முன்னிருக்கும் சொல்லிடம் கேட்டு வாங்குகிறது. இப்போது கிர்கிஸைப் பாருங்கள்: குதிரைகள் ஆத்தர், கைகள் கோல்தோர். அச்சு அசல் அதே. மலைக்குத் துருக்கியில் தா, கிர்கிஸில் தோ, தென் அல்தாயில் தூ. ககாஸில் இறுதி மெய் கெடாமல் தாக் என்றே நிற்கிறது.

"இல்லை" என்ற சொல்லும் இதே மாதிரி வழிகாட்டும். துருக்கியில் யோக், கிர்கிஸில் ஜோக், ககாஸில் ச்சோக். இலக்கிய அல்தாயில் நாக்கின் நடுவை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்துச் சொல்லும் த்யோக். இந்த ஒலிக்காகவே அல்தாய் நெடுங்கணக்கு, ரஷ்யன் எழுதப் பயன்படும் சிரில்லிக் எழுத்துகளுக்கு நடுவே லத்தீன் ஜே வடிவத்தை ஒத்த ஓர் எழுத்தை வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்து அந்த எழுத்து அடிக்கடி வந்தால், மொழி தெரியாதவர்கூட அது அல்தாய் என்று ஊகித்துவிடலாம்.

அப்படியானால் இது ஒரு மொழியா, இரண்டா, நான்கா? சோவியத் மரபில் வந்த மொழியியலாளர் பஸ்காகோவ் வட வழக்குகளைத் தனித்தனி நூல்களாக விரிவாக எழுதினார். ஆனாலும் அவற்றை ஒரே அல்தாய் மொழியின் வழக்குகள் என்றே அழைத்தார். சர்வதேச மொழிக்குறியீட்டுப் பட்டியலில் தென் அல்தாய்க்கு ஒன்றும் வட அல்தாய்க்கு ஒன்றுமாக இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. இன்றைய ரஷ்ய அறிஞர்களில் ஒரு சாரார் குமாந்தி, சல்கான், துபலார் மூன்றையும் தனி மொழிகளாகவே நடத்துகிறார்கள். தெலெயுத்தையும் சிலர் பிரித்துவிடுகிறார்கள். என் பார்வையில் இரண்டு என்பது குறைந்தபட்ச நேர்மை. ஒன்று என்று சொல்வது நிர்வாகத்தின் வசதி. கிர்கிஸ் பக்கம் நிற்பதையும் ககாஸ் பக்கம் நிற்பதையும் ஒரே பெட்டியில் போடுவதற்கு மொழியியல் காரணம் குறைவு. துபலார் மட்டும் நடுவில் நின்று இரு பக்கமும் கைகொடுப்பதால் கோடு எங்கே என்று கேட்டால் தடுமாற வேண்டியிருக்கும்.

எழுத்துமொழி வந்த வழி சுருக்கமானது. 1830இல் மக்காரி என்ற துறவியின் தலைமையில் அல்தாய்க்கு வந்த ரஷ்யக் கிறித்தவச் சமயப் பணியாளர்கள் தெலெயுத் வழக்கை அடிப்படையாக வைத்துச் சிரில்லிக்கில் எழுதத் தொடங்கினார்கள். 1869இல் அவர்கள் தொகுத்த அல்தாய் இலக்கணம் கசானில் அச்சாகியது. அந்தக் காலத்துத் துருக்கிய மொழி இலக்கணங்களில் நல்ல பெயர் வாங்கிய நூல் அது. முதல் அல்தாய் எழுத்தாளர் என்று போற்றப்படும் மிக்கைல் செவல்கோவும் தெலெயுத்துதான். சோவியத் காலத்தில் 1920களில் அடிப்படை அல்தாய்-கிஷிக்கு மாற்றப்பட்டது. 1928இல் லத்தீன் எழுத்து. 1938இல் மீண்டும் சிரில்லிக். எழுத்துமொழிக்கு அடித்தளமிட்ட தெலெயுத்து, இன்றைய அரசுக் கணக்கில் தனி மக்களாகப் பிரிந்து நிற்கிறது.

அந்தக் கணக்குக்கு வருவோம்.

சோவியத் ஒன்றியத்தின் கடைசிக் கணக்கெடுப்பு 1989இல் நடந்தது. ரஷ்யாவில் அல்தாயர்கள் 69,409 பேர். அடுத்தது 2002இல், அல்தாயர்கள் 67,239 பேர். இந்த இரண்டை மட்டும் பார்ப்பவர் மக்கள் குறைந்துவிட்டார்கள் என்று எழுதிவிடுவார். குறையவில்லை. ஒரே களத்து நெல்லை முதலில் முழுதாகவும் பிறகு இரண்டு குவியல்களை ஒதுக்கிவைத்துவிட்டும் அளந்த கதை இது. 1989இல் குமாந்திகளும் தெலெயுத்துகளும் அல்தாயர் என்ற தலைப்புக்குள்ளேயே எண்ணப்பட்டார்கள். 2002இல் அவர்கள் தனித் தலைப்புகள்: குமாந்தி 3,114, தெலெயுத் 2,650. இவர்களைத் திரும்பச் சேர்த்தால் 73,003. கூடித்தான் இருக்கிறது. தெலெங்கித், துபலார், சல்கான் மூவருக்கும் எண்கள் கொடுக்கப்பட்டன. ஆனால் அவை அல்தாயர் என்ற பெருந்தலைப்பின் கீழ் உட்பிரிவுகளாகவே வந்தன.

இடையில் நடந்தது என்ன? 1999இல் ரஷ்யா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஐம்பதாயிரம் பேருக்கும் குறைவாக, பாரம்பரிய வாழ்க்கைமுறையோடு தம் முன்னோரின் நிலத்தில் வாழும், தங்களைத் தனி மக்களாக உணரும் கூட்டத்தாருக்குச் "சிறு பழங்குடி" என்ற தகுதியும் அதற்குரிய உரிமைகளும் கிடைக்கும். 2000 மார்ச்சில் வெளியான அரசுப் பட்டியலில் குமாந்தி, தெலெயுத், தெலெங்கித், துபலார், சல்கான் ஐவரும் இடம்பெற்றார்கள். அல்தாய்-கிஷி இல்லை, அவர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டியவர்கள். அல்தாயர் என்று பொதுவில் சொல்லிக்கொண்டால் பெரிய இனம் ஒன்றின் உறுப்பினர்; சல்கான் என்று சொன்னால் சட்டப் பாதுகாப்புள்ள சிறு மக்கள். கணக்கெடுப்பாளர் வாசலில் நிற்கும்போது எந்தப் பெயரைச் சொல்வது என்பது அதற்குப் பிறகு வெறும் குடும்ப வரலாற்று விஷயமாக இல்லை. 2002இல் 855 ஆக இருந்த சல்கான்கள் 2010இல் 1,181. தெலெங்கித்துகள் 2,399இலிருந்து 3,712. எட்டே ஆண்டுகளில் இவ்வளவு பிள்ளைகள் பிறந்திருக்க முடியாது. ஏற்கெனவே இருந்தவர்கள் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

மொழி எண்கள் எதிர்த்திசையில் போகின்றன. 2002இல் அல்தாய் மொழி தெரியும் என்று சொன்னவர்கள் 65,534 பேர், 2010இல் 55,720. இனமாக அல்தாயர்கள் 67,239இலிருந்து 74,238 ஆகப் பெருகிய அதே காலத்தில் மொழி ஏறக்குறைய பத்தாயிரம் பேரை இழந்திருக்கிறது. வடக்கே நிலைமை இன்னும் மோசம். குமாந்தி மொழி தெரிந்தவர்கள் 1,044இலிருந்து 738. சல்கான் 539இலிருந்து 310. துபலார் 436இலிருந்து 229. மூன்றையும் கூட்டினால் 1,277. தெலெயுத் 1,892இலிருந்து 975க்கு, ஏறத்தாழப் பாதியாக இறங்கியது.

இந்த எண்களையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. கணக்கெடுப்பாளர் யாரையும் பேசச் சொல்லிச் சோதிப்பதில்லை, கேட்கிறார், எழுதிக்கொள்கிறார். 2010இல் துபலார்கள் 1,965 பேர், துபலார் மொழி அறிந்தவர் 229 பேர். மீதமுள்ளவர்கள் எல்லாரும் ரஷ்யன் மட்டும் பேசுகிறவர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. பள்ளியில் இலக்கிய அல்தாய் படித்த ஒரு துபலார், "என்ன மொழி தெரியும்?" என்ற கேள்விக்கு "அல்தாய்" என்று பதில் சொல்லலாம். வீட்டுப் பேச்சையே அல்தாய் என்ற பொதுப் பெயரால் சொல்பவரும் இருக்கலாம். இருவரும் போய்ச் சேர்வது 55,720க்குள். அந்தப் பெரிய எண்ணைத் "தென் அல்தாய் பேசுவோர்" என்று அப்படியே எழுதிவிடும் கலைக்களஞ்சியங்கள் இந்தக் கலப்பைக் கவனிப்பதில்லை. சிறிய எண் சற்றுக் குறைத்துக் காட்டுகிறது, பெரிய எண் சற்றுக் கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வது நல்லது. சரிவின் திசையில் மட்டும் ஐயமில்லை.

சரிவுக்கான காரணங்களில் வெளிப்படையானது மக்களின் இருப்பு. ஒங்குதாயிலும் உலகானிலும் அல்தாய் பேசும் ஊர்கள் ஊர்களாகவே இருக்கின்றன. கடையிலும் தெருவிலும் மொழிக்கு வேலை இருக்கிறது. வடக்குக் காடுகளில் மரம் வெட்டும் தொழிலோடு ரஷ்யக் குடியிருப்புகள் வந்தன. சிறு கிராமங்கள் கலைந்து பெரிய ஊர்களில் கரைந்தன. ஒருவர் இன்னொரு சல்கானைச் சந்திக்கும் வாய்ப்பே குறைந்துபோனது.

பள்ளியும் வடக்கர்களுக்கு முழுத் துணை இல்லை. குடியரசில் ரஷ்யனோடு அல்தாயும் ஆட்சிமொழி. பாடநூல்கள், வானொலி, "அல்தாயின் விடிவெள்ளி" என்ற பொருள்தரும் பெயர்கொண்ட செய்தித்தாள் எல்லாம் அல்தாய்-கிஷியில் அமைந்த இலக்கிய மொழியில் நடக்கின்றன. சல்கான் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அந்தப் பாடநூல் மொழி பாதி அந்நியம். 2018 ஆகஸ்டில் ரஷ்யக் கல்விச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ரஷ்யன் அல்லாத மொழிகளைப் பள்ளியில் படிப்பது பெற்றோர் விரும்பி எழுதிக்கொடுத்தால்தான். ஆட்சிமொழி என்ற தகுதியும் குடியரசின் எல்லையோடு நின்றுவிடுகிறது. பீஸ்க் நகரத்துக் குமாந்திக்கும் பெலோவோ பக்கத்துத் தெலெயுத்துக்கும், அவர்கள் மொழியை எந்தப் பெயரில் எழுதினாலும், அந்தத் தகுதி எட்டுவதில்லை.